அறுபத்தெட்டு டிகிரி

எழுபதில் விட வேண்டும் என்று
பலகையில் எழுதி வைத்திருந்தோம்.
அதுவரை பிடித்திரு,
அப்புறம் விட்டுவிடு.
ஒரு பசையிடம் இதைவிட எளிதாய்
எப்படிக் கேட்பது?

நாற்காலிச் சக்கரம் இருபத்தையாயிரம் சுற்று
அதன் மேல் உருண்டது. விடவில்லை.
டிரம்முக்குள் ஆறுகால் இரும்பு
இரவெல்லாம் மிதித்தது. விடவில்லை.
உரிப்பு எந்திரத்தில் கவ்வவிட்டு இழுத்தேன்,
முள் ஏறியது, நூல்தான் அறுந்தது.
வெந்நீரில் எழுபது வைத்ததும்
வாழைப்பழத் தோல் மாதிரி
மேலே நைலான் தனி,
அடித்தகடு தனி.
தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றிச்
சட்டையில் துடைத்தார்.
அவருடைய கொண்டாட்டம் அவ்வளவுதான்.

மே பதினொன்று. ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து
ஓசூருக்கு நானூறு கம்பளச் சதுரம்.
பள்ளிகொண்டா தாண்டி டயர் வெடித்தது.
ஸ்டெப்னியிலும் காற்றில்லை.
அக்னி நட்சத்திரம், இரும்புப் பெட்டி,
தாழ்ப்பாள் போட்ட கதவு.
உள்ளே வைத்திருந்த அளவுமானி
பிறகு காட்டிக்கொடுத்தது: அறுபத்தெட்டு.

எழுபதுக்கு இரண்டு குறைவுதான்.
ஆனால் மூன்று மணி நேரம்,
தலைக்கு மேல் ஐம்பது சதுரத்தின் பாரம்.
இதைப் பலகையில் யாரும் எழுதவில்லை.
வேலூர் வெயில்
எங்கள் பலகையைப் படித்ததும் இல்லை.

ஓசூர்க்காரர் போனில் கத்தவில்லை.
"மேடம், நானூறுக்கு பில் போட்டிருக்கீங்க,
எண்ணூறு வந்திருக்கு" என்றார்.

திரும்பி வந்தவற்றைக்
கொட்டகைக்குப் பின்னால் அடுக்கினோம்.
எரித்துவிடலாம் என்றார்கள் மேலே.
இந்த ஊரில் எது போயிருக்கிறது?
தோலுக்குக் குடித்த ரசாயனம்
எந்தக் காலத்திலோ கொட்டியது,
மழை பெய்தால் இன்றும்
மஞ்சளாய் எழுந்து வருகிறது.
பாலாற்றில்தான் தண்ணீர் வருவதில்லை.

உருக்கு எந்திரத்து முபீனா
டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்:
"மேலயும் அதே, கீழயும் அதே,
நடுவுல ஒட்றதும் அதேன்னா
பிரிக்கிற வேலையே எதுக்கு மேடம்?"
புது யோசனை இல்லை அது.
எங்கள் கோப்பில் மூன்றாம் பக்கம்,
"கடினம்" என்று நானே அடிக்கோடு போட்டது.

கடினம்தான்.
முழுக்கப் பாலியெஸ்டர் என்றால் மூலை தூக்கும்.
பதினான்கு மாதம் தூக்கியது,
எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி.
செங்கல் வைத்தோம்.
நூல் மாற்றினோம், சூடு மாற்றினோம்,
குளிரவைக்கும் வேகம் மாற்றினோம்.
ஒரு செவ்வாய்க்கிழமை காலை
தரையில் படுத்தது, எழவில்லை.
ஏன் என்று இன்னும் முழுதாய்த் தெரியாது எனக்கு.

கார்பன் கணக்கு கேட்டார்கள்.
பழைய பாட்டில் துகளுக்கு ஒரு வரி,
கரியில் எரிந்த மின்சாரத்துக்கு ஒன்று.
லாரி டீசலை விட்டுவிடலாமே என்றார் விற்பனையாளர்.
பள்ளிகொண்டாவை நினைத்து
அதையும் சேர்த்தேன்.
சதுர மீட்டருக்குப் பதினொன்று இருந்தது
ஆறே முக்கால் ஆனது.
குறைவு. இல்லை என்பது அல்ல.
அடிக்குறிப்பாய் அதைப் போட்டேன்,
அச்சில் எடுத்துவிட்டார்கள்.

நேற்று எங்கள் நடைபாதையிலிருந்தே
ஒன்பது சதுரம் பெயர்த்தோம்.
இரண்டு வருடச் செருப்பு,
டீக்கறை, யாரோ சிந்திய மை.
கழுவி, வெட்டி, உருக்கினால்
தொட்டித் தண்ணீருக்குள்
இடியாப்பமாய் இறங்கியது.
எல்லா நிறமும் சேர்ந்து ஒரே சாம்பல்.
சாம்பலைத் தவிர வேறு நிறம்
இனி வராது என்றாள் முபீனா.
துகளை அள்ளிப் பார்த்தேன்,
இளஞ்சூடு இருந்தது.

அந்த எண்ணூறு மட்டும்
கொட்டகைக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது.
பாதி பசை மேலே, பாதி கீழே.
எதிலும் சேராது.
தார்ப்பாய் போட்டிருக்கிறோம்.
அடுக்கின் உச்சியில் ஒரு செவலை நாய்
குட்டி போட்டிருக்கிறது.
வெயில் ஏறினால் இறங்கிவிடுகிறது,
எத்தனை டிகிரியில் என்று
நான் இன்னும் அளக்கவில்லை.